கேமராவுக்காகச் சேர்ந்த பிள்ளைகளும் மீடியா தியரி பேப்பரும்... ஒரு செமஸ்டரைக் கரை சேர்ப்பது எப்படி?

விஸ்காம் முதல் வருஷ வகுப்புக்குப் போய், "எதுக்குப்பா இந்த கோர்ஸ்ல சேர்ந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங், அனிமேஷன், யூடியூப் சேனல், ஆங்கரிங் என்று பதில் வரிசையாக வரும். "மீடியா தியரி படிக்கணும் சார்" என்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால், டைம்டேபிளில் அந்தப் பேப்பர் இருக்கும். ஒரு கல்லூரியில் 'கம்யூனிகேஷன் தியரீஸ்', இன்னொரு கல்லூரியில் 'மீடியா, கல்ச்சர் அண்ட் சொசைட்டி'. பெயர்தான் வேறு, கொட்டாவி ஒன்றுதான்.

சிரிச்சுட்டு விட்டுவிடக்கூடிய விஷயமில்லை இது. குறும்படத்துக்குப் பரிசு வாங்கின பிள்ளை, ப்ராக்டிகலில் 90-க்கு மேல் எடுக்கிற பிள்ளை, இந்த ஒரு தியரி பேப்பரில் அரியர் வைத்துவிட்டு, மூன்று வருஷம் முடிந்தும் டிகிரி கைக்கு வராமல் அலைவதை எந்த விஸ்காம் துறையிலும் பார்க்கலாம். வீட்டில் முதல் பட்டதாரியாக இருந்தால், அந்த அரியரின் கனம் இன்னும் கூடுதல். "நம்ம புள்ளை பாஸ் ஆயிடுச்சா இல்லையா?" என்ற கேள்விக்கு ஊரில் யாருக்கும் புரிகிற மாதிரி ஒரு பதில் இருக்காது.

சில செமஸ்டர்கள் கெஸ்ட் லெக்சரராக இந்தப் பேப்பரை எடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன். முக்கியமாக, இந்த வருஷம் புதுசா வேலைக்குச் சேர்ந்து, "மேடம், யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க, தியரி பேப்பரை நீங்க பார்த்துக்கோங்க" என்று ஹெச்.ஓ.டி-யிடம் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு. படிக்கிற பிள்ளைகளும், ஃபீஸ் கட்டுகிற அப்பா அம்மாவும் கூடவே உட்கார்ந்து கேட்கலாம், தப்பில்லை.

90 நாள் கணக்கும் முகூர்த்த நாள் கணக்கும்

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். வாரத்துக்கு 5 மணி நேரம் என்று வைத்தால், காகிதத்தில் சுமார் 75 மணி நேரம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காது. முதல் வருஷம் என்றால் அட்மிஷன் முடிந்து வகுப்பு நிறைவதற்குள் ஜூலை வந்துவிடும். அப்புறம் இரண்டு இன்டர்னல், ஒரு மாடல் எக்ஸாம், கல்ச்சுரல்ஸ், என்.எஸ்.எஸ் கேம்ப், ஆயுத பூஜை, தீபாவளி, சென்னைப் பக்கம் என்றால் மழை லீவு. கையில் நிற்பது 45 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். 5 யூனிட், யூனிட்டுக்கு 9 மணி நேரம்.

விஸ்காமுக்கு மட்டும் இன்னொரு காலண்டர் உண்டு. அதை எந்தக் கல்லூரியும் அச்சடித்துக் கொடுக்காது. உங்கள் மாணவர்களில் பலர் கல்யாண போட்டோகிராஃபி வேலைக்குப் போகிறவர்கள். கேண்டிட் எடுக்கிற அண்ணனுக்கு அசிஸ்டென்ட், வீடியோவுக்கு லைட் பிடிப்பது, ராத்திரி உட்கார்ந்து ஆல்பம் டிசைன். அந்தக் காசில்தான் பல வீட்டில் செமஸ்டர் ஃபீஸே கட்டுகிறார்கள். ஆவணி பிறந்ததும் பின் பெஞ்ச் காலியாகும். ஐப்பசியில் மறுபடியும். வகுப்பு நிறைந்து இருப்பது ஆடியிலும் புரட்டாசியிலும்தான். அதனால், கஷ்டமான பாடத்தையெல்லாம் ஆடி மாதத்திலும் புரட்டாசியிலும் நடத்துங்கள். கேட்க வேடிக்கையா இருக்கும். 75 சதவிகித அட்டெண்டன்ஸுக்கும் வீட்டுச் செலவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பையனுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப்பெரிய உபகாரம் இதுதான்.

இன்னொரு விஷயம். பெரும்பாலான சிலபஸில் முதல் யூனிட் 'கம்யூனிகேஷன் என்றால் என்ன' என்று தொடங்கி, வரலாற்று வரிசைப்படி நகர்ந்து, பெண்கள், சாதி, இந்திய ஊடகம், புதிய ஊடகம் எல்லாவற்றையும் ஐந்தாவது யூனிட்டில் கொண்டுபோய்க் கொட்டியிருப்பார்கள். ஐந்தாவது யூனிட் எப்போதும் தீபாவளிக்கு அப்புறம்தான் வரும். அதாவது, வராது. பிள்ளைகளுக்குப் பேச நிறைய இருக்கிற யூனிட்டைத்தான் 'நீங்களே படிச்சுக்கோங்க' என்று விட்டுவிடுகிறோம். அங்கிருந்து திருடி முதல் மாதத்திலேயே கொண்டுவந்துவிடுங்கள். பரீட்சைக்கு யூனிட் வரிசை முக்கியமில்லை.

டீக்கடையிலிருந்து தொடங்குங்க

முதல் வகுப்பில் 'கம்யூனிகேஷன் என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து...' என்று போர்டில் எழுதினீர்கள் என்றால், அந்த செமஸ்டர் அன்றைக்கே முடிந்தது. அதற்குப் பதில் ஒரு கேள்வி: "உங்க ஊர் டீக்கடைல பேப்பர் யார் படிப்பாங்க? யார் கேட்பாங்க?"

அவ்வளவுதான், வகுப்பு பேச ஆரம்பித்துவிடும். ஒருத்தர் சத்தமாக வாசிப்பார், நாலு பேர் கேட்பார்கள், அதில் ஒருத்தர் "அதெல்லாம் சும்மா, உள்ள விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது பேப்பரில் இருந்ததையா, அவர் சொன்னதையா? 1942-ல் மதுரையில் 'தினத்தந்தி' தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டில் பேப்பர் படிப்பு என்பது பாதி கேட்பதும்தான்.

இப்போது ஓஹையோவுக்குப் போகலாம். அமெரிக்காவில் 1940 அதிபர் தேர்தல் சமயத்தில், அந்த மாநிலத்தின் ஈரி கவுன்ட்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவும் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் பேட்டி எடுத்தார்கள். ரேடியோவும் பேப்பரும் ஓட்டை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பதுதான் எண்ணம். கிடைத்ததோ வேறு. ஊடகத்தைப் பார்த்து மனசு மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர் சொல்லி முடிவெடுத்தவர்கள் நிறைய. 1944-ல் புத்தகமாக வந்த இந்த ஆய்விலிருந்து பிறந்ததுதான் 'டூ ஸ்டெப் ஃப்ளோ'. அதாவது, செய்தி நேராக எல்லோரிடமும் போவதில்லை. முதலில் 'கருத்துத் தலைவர்' ஒருவரிடம் போய், அவர் வழியாக மற்றவர்களிடம் போகிறது.

டீக்கடைக்காரரின் பேச்சுத் துணைவர்தான் ஈரி கவுன்ட்டியின் கருத்துத் தலைவர் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். பிள்ளைகளே சொல்வார்கள். வீட்டுப்பாடமாக ஒன்று மட்டும் கொடுங்கள்: "உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல யார் ஃபார்வர்டு பண்ணா எல்லாரும் நம்புறாங்க? யார் பண்ணா யாரும் திறந்துகூடப் பார்க்கிறதில்லை? ஏன்?" மறுநாள் வரும் பதில்களில் மாமா, பெரியப்பா, துபாயில் இருக்கும் அண்ணன் எல்லோரும் இருப்பார்கள். அத்தையும் சித்தியும் அதிகம் இருக்க மாட்டார்கள். அதைப் பெண் பிள்ளைகளில் ஒருத்தி கவனித்துச் சொல்வாள். காத்திருங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

அம்மாவுக்கு ஒரு போன்

சீரியல் பார்ப்பதைப் பற்றி ஒரு வாரம் ஒதுக்கலாம். மீடியா மக்களை என்ன செய்கிறது என்று கேட்பதை விட்டு, மக்கள் மீடியாவை வைத்து என்ன செய்துகொள்கிறார்கள் என்று கேட்பதுதான் 'யூசஸ் அண்ட் கிராட்டிஃபிகேஷன்ஸ்'. 1970-களில் எலிஹு காட்ஸ் போன்றவர்கள் அதற்கு உருவம் கொடுத்தார்கள். வேர் இன்னும் பழசு. 1940-களிலேயே ஹெர்டா ஹெர்சாக், பகலில் ரேடியோ தொடர் நாடகம் கேட்கும் அமெரிக்கப் பெண்களிடம் போய், "ஏம்மா இதைக் கேட்கிறீங்க?" என்று நேரடியாகக் கேட்டார். மனசு விட்டு அழ ஒரு சாக்கு, இப்படியெல்லாம் வாழ்க்கை இருக்காதா என்ற ஏக்கம், வீட்டுப் பிரச்னைக்கு ஒரு யோசனை என்று பதில் வந்தது.

பிள்ளைகளை அதே கேள்வியை அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிவரச் சொல்லுங்கள். திருத்தக் கூடாது, 'தூய தமிழில்' மாற்றக் கூடாது. ஹாஸ்டல் பிள்ளைகள் போனில் கேட்கட்டும். "அந்த நேரத்துல யாரும் என்கிட்ட வேலை சொல்ல மாட்டாங்க." இந்தப் பதில் ஏதாவது ஒரு நோட்டில் வந்தே தீரும். எனக்கு வந்தது.

அது வந்த அன்றைக்கு ஜானிஸ் ராட்வேயைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் காதல் நாவல் படிக்கும் குடும்பப் பெண்களைப் பற்றி 1984-ல் அவர் எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய இதே விஷயம் இருக்கிறது. கையில் புத்தகம் இருந்தால் 'இது என் நேரம், தொந்தரவு பண்ணாதீங்க' என்று வீட்டுக்குச் சொன்ன மாதிரி. ஒரு பேராசிரியர் ஆய்வு செய்து எழுதியதைத் தன் அம்மா சமையலறையிலிருந்து ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று தெரியும்போது, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். இனிமேல் 'தியரி' என்றால் தனக்குச் சம்பந்தமில்லாதது என்று அது சொல்லாது.

தமிழ்ல பேசட்டும், இங்கிலீஷ்ல எழுதட்டும்

இந்தப் பேப்பரில் ஃபெயில் ஆகிற பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை, பாதிப் பேருக்குப் புரிகிறது, எழுதத்தான் வரவில்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளை, 'ஹெஜமனி' என்ற சொல்லைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுகிறது. அதையே 'மேலாதிக்கம்' என்று சொன்னால், "சார், எங்க ஊர்ல..." என்று ஆரம்பிக்கிறது.

நல்லவேளையாக, இந்தச் சொற்களுக்காக நாம் புதுசாகத் திண்டாட வேண்டியதில்லை. தமிழில் சிறுபத்திரிகைக்காரர்கள் 40 வருஷமாக இதைச் செய்துவைத்திருக்கிறார்கள். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-லேயே வந்துவிட்டது. குறிப்பான், குறிப்பீடு, சொல்லாடல், கருத்தியல், பிம்பம் எல்லாம் தயாராக இருக்கின்றன. இலக்கிய வட்டத்தில் புழங்குகிற இந்தச் சொற்கள் விஸ்காம் வகுப்புக்குள் மட்டும் ஏனோ வருவதில்லை. தமிழ்த்துறையும் விஸ்காம் துறையும் ஒரே காரிடாரில் இருந்தாலும் ஒன்றோடொன்று பேசாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே, விவாதம் முழுக்கத் தமிழில் நடக்கட்டும். போர்டில் கலைச்சொல் இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, அன்றைக்குப் பேசியதை இங்கிலீஷில் மூன்றே வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இலக்கணம் பார்க்காதீர்கள். யார் சொன்னது, என்ன சொன்னார், நம் ஊர் உதாரணம் என்ன. அவ்வளவுதான். 40 வகுப்பில் 120 வாக்கியம். பரீட்சையில் ஒரு 10 மார்க் கேள்விக்குத் தேவைப்படுவது இதில் ஒரு சின்னப் பங்குதான். உங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழில் பரீட்சை எழுத அனுமதி உண்டா என்பதையும் ஜூன் மாதமே பரீட்சை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் கேட்டால் பிரயோஜனமில்லை.

கல்யாண ஆல்பம் என்ற பாடப்புத்தகம்

ஸ்டூவர்ட் ஹால் 1932-ல் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். பர்மிங்ஹாமில் கலாசார ஆய்வு மையத்தை நடத்தியவர். 1973-ல் அவர் எழுதிய 'என்கோடிங், டிகோடிங்' கட்டுரை இல்லாத சிலபஸ் கிடையாது. ஒரு நிகழ்ச்சியைத் தயாரிக்கிறவர் அதில் ஓர் அர்த்தத்தை வைக்கிறார். பார்க்கிறவர் அதே அர்த்தத்தைத்தான் எடுப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி தன் அனுபவத்தோடு பேரம் பேசலாம், அல்லது எதிராகவே வாசிக்கலாம். கைடில் இது மூன்று பாயின்ட். பிள்ளைகள் மூன்றையும் மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலில் இரண்டை மறந்துவிடுவார்கள்.

ஆவணியில் காணாமல் போன பையன்கள் திரும்பி வந்ததும், ஆளுக்கொரு ஆல்பம் கொண்டுவரச் சொல்லுங்கள். சொந்த வீட்டுக் கல்யாண ஆல்பமாக இருக்கட்டும். கஸ்டமர் படம் வேண்டாம், அது நம்பிக்கை விஷயம். இப்போது கேள்விகள். யார் படம் பக்கம் முழுக்க வந்திருக்கிறது? யார் குரூப் போட்டோவில் மட்டும் இருக்கிறார்? சமையல்காரர் எங்கே? நாதஸ்வரக்காரரின் முகம் தெரிகிறதா, வாத்தியம் மட்டும்தானா? மாமியார் இதைப் பார்க்கும்போது என்ன சொல்வார், பொண்ணு வீட்டார் என்ன சொல்வார், மேடைக்கே கூப்பிடப்படாத சித்தப்பா என்ன சொல்வார்? ஒரே ஆல்பம்தான். மாமியார் நிறைவாகப் புரட்டுகிறார். கல்யாணப் பெண், 'நல்லாத்தான் இருக்கு, ஆனா என் ஃபிரெண்ட்ஸ் ஒருத்தர்கூட இல்லையே' என்கிறார். சித்தப்பா, 'காசு இருக்கிறவன் படமாத்தான் போட்டிருக்கான்' என்று மூடிவைக்கிறார். ஹாலின் மூன்று வாசிப்பும் முடிந்தது. இனி எந்தப் பரீட்சை ஹாலிலும் மறக்காது.

அங்கேயே நிறுத்த வேண்டாம். ஆல்பம் டிசைன் செய்கிற பையனை முன்னால் கூப்பிட்டு, "முகத்துக்கு என்ன பண்ணுவ?" என்று கேளுங்கள். "கலர் கொஞ்சம் ஏத்துவேன் சார்." அதாவது, வெளுப்பாக்குவான். "யார் பண்ணச் சொன்னது?" யோசிப்பான். ஓனர் சொல்லவில்லை. கஸ்டமர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. எல்லா முகத்துக்கும் பண்ணுவான், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம், பெண்ணுக்கு நிறைய. யாரும் சொல்லாமலே எல்லோரும் செய்கிற ஒன்றைத்தான் கருத்தியல் என்கிறோம் என்று இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. ரோலண்ட் பார்த் 1957-ல் 'மித்தாலஜீஸ்' என்ற புத்தகத்தில் சோப்புப் பவுடர் விளம்பரத்தையும் மல்யுத்தத்தையும் பத்திரிகை அட்டைப் படத்தையும் எடுத்துவைத்து, வரலாற்றில் மனிதர்கள் உண்டாக்கிய ஒன்று எப்படி 'இயற்கை' மாதிரி வேஷம் போடுகிறது என்று காட்டினார். அவர் கையில் இருந்தது பாரிஸ் பத்திரிகை. உங்கள் மாணவன் கையில் இருப்பது ஃபோட்டோஷாப்.

அந்த வகுப்பு முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தப் பையன் அடுத்த முகூர்த்தத்திலும் கலர் ஏற்றத்தான் செய்வான், ஏற்றாவிட்டால் ஆல்பம் திரும்பி வரும். அதைப் பற்றியும் பேசலாம். 'தெரிந்தும் செய்ய வேண்டியிருக்கிறது' என்ற இடம் இந்தப் பேப்பரிலேயே கஷ்டமான இடம். ஆசிரியருக்கும் அங்கே விடை கிடையாது.

கதை சொல்லி, அப்புறம் உடைக்கணும்

1938 அக்டோபர் 30. செவ்வாய் கிரகத்து ஆட்கள் அமெரிக்காவில் இறங்கிவிட்டதாக ஆர்சன் வெல்ஸ் நடத்திய ரேடியோ நாடகம். மக்கள் உண்மை என்று நம்பி வீட்டை விட்டு ஓடினார்கள், ஊடகம் ஊசி மாதிரி ஏறும், அதுதான் 'ஹைப்போடெர்மிக் நீடில் தியரி'. எல்லா கைடிலும் இது உண்டு. இதை நன்றாக, சத்தமெல்லாம் கொடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

ஒரு வாரம் கழித்து உடையுங்கள். சிலர் பயந்தது உண்மை. நாடே ஓடியது என்பது ஊதிப் பெருக்கியது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அன்று இரவு 5,000 வீடுகளுக்கு போன் போட்டு எடுத்த ரேட்டிங்கில், அந்த நிகழ்ச்சியைக் கேட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 2 சதவிகிதம்தான். பெரும்பாலோர் வேறொரு சேனலில் காமெடி நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பீதியைப் பக்கம் பக்கமாக எழுதியது பேப்பர்கள். அப்போது பேப்பரின் விளம்பர வருமானத்தை ரேடியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "ஏம்ப்பா, போன வாரம் நான் சொன்னப்போ ஒருத்தர்கூட 'யார் சொன்னது'ன்னு கேட்கலையே?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். அடுத்த வாரத்திலிருந்து உங்களையே கேட்பார்கள். கொஞ்சம் தொல்லைதான். அந்தத் தொல்லைக்குத்தானே சம்பளம் வாங்குகிறோம்.

ஸ்கேல் எடுத்து அளக்கிற அசைன்மென்ட்

அசைன்மென்ட் என்றாலே இப்போது ஏ.ஐ எழுதிக் கொடுத்துவிடுகிறது. 30 பேர் நோட்டிலும் ஒரே மாதிரி வழவழப்பான பத்திகள். அதைக் கண்டுபிடிப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். கையால் அளந்தால் தவிர முடிக்க முடியாத வேலையைக் கொடுங்கள்.

'அஜெண்டா செட்டிங்' அதற்குத் தோதானது. 1968 தேர்தலின்போது அமெரிக்காவின் சேப்பல் ஹில் ஊரில் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம், முக்கியப் பிரச்னை எது என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், செய்திகளில் எந்தப் பிரச்னைக்கு எவ்வளவு இடம் என்று அளந்தார்கள். இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. 1972-ல் கட்டுரையாக வந்தது. என்ன நினைக்க வேண்டும் என்பதைவிட, எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை ஊடகம் முடிவு செய்கிறது என்பது சாரம்.

கல்லூரி லைப்ரரியில் மூன்று தமிழ் நாளிதழ்கள், ஏழு நாள் முதல் பக்கம், ஒரு ஸ்கேல். எந்தச் செய்திக்கு எத்தனை சென்டிமீட்டர்? அப்புறம் பஸ் ஸ்டாண்டில் 20 பேரிடம், "உங்களுக்கு இப்போ பெரிய பிரச்னை எதுங்க?" மூன்று பேருக்கு ஒரு குழு. பத்துப் பேர் குழு என்றால் ஒரு பெண் மட்டும் வேலை செய்வாள், ஒன்பது பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். பஸ் ஸ்டாண்டில் கிடைக்கிற பட்டியலும் ஸ்கேலில் கிடைக்கிற பட்டியலும் பல சமயம் ஒத்துப்போகாது. குடிதண்ணீர், டவுன் பஸ், பையனுக்கு வேலை என்று ஒரு பக்கம். கட்சிச் செய்தி இன்னொரு பக்கம். 'சார், தியரி தப்பா வருது' என்று பயந்துகொண்டு வருவார்கள். தப்பாக வந்த குழுவுக்குத்தான் இன்டர்னலில் கூடுதல் மார்க் கொடுங்கள். ஏன் தப்பாக வந்தது என்று அவர்கள் எழுதுகிற அரைப் பக்கம், செமஸ்டரின் மிகச் சிறந்த அரைப் பக்கமாக இருக்கும்.

மற்றதையெல்லாம் வேகமாகக் கடக்கலாம். ஷானன் - வீவர் மாடலுக்கு ஒரு மணி நேரம் போதும். பெல் லேப்ஸ் இன்ஜினீயர் டெலிபோன் லைனில் வரும் இரைச்சலுக்காகப் போட்ட கணக்கு என்று சொல்லி, படத்தைப் போட்டுக் காட்டிவிடுங்கள். 1956-ல் வந்த 'பத்திரிகையின் நான்கு கோட்பாடுகள்' பனிப்போர் காலத்துச் சரக்கு. இரண்டு மார்க் கேள்விக்கு வரும், எழுதிப் போட்டால் போதும். மெக்லுஹனைப் பிள்ளைகளுக்கு ரொம்பவே பிடிக்கும், ஒற்றை வரியாகப் பேசுவதால். விட்டால் ஒரு வாரத்தைத் தின்றுவிடுவார், ஜாக்கிரதை.

நம்ம ஊர் புத்தகங்கள்

சிலபஸில் ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான் இருக்கும். தமிழ்ச் சமூகமும் ஊடகமும் பற்றி உலகத் தரமான ஆய்வுகள் இருப்பது பல ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. எம்.ஜி.ஆர் பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்', சுதந்திரப் போராட்டக் காலத்து நாடகமும் சினிமாவும் பற்றி சு.தியடோர் பாஸ்கரனின் 'தி மெசேஜ் பேரர்ஸ்' 1981-ல். அதே வருஷம் ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாகப் பார்த்து எழுதினார். மதுரையில் ஏழை ரசிகர்களோடு பழகி சாரா டிக்கி எழுதிய புத்தகம் 1993-ல் வந்தது. இதில் ஒன்றிலிருந்து ஒரே ஓர் அத்தியாயம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாலும், வகுப்பின் சூடு மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ரசிகர் மன்றப் பாடத்தை முதல் மாதத்தில் தொடவே கூடாது. வகுப்பில் இரண்டு ஹீரோ கோஷ்டி இருக்கும். ஒருத்தரையொருத்தர் பேசவிட்டுப் பழகின பிறகு, புரட்டாசியில் எடுக்கலாம். லாரா மல்வி 1975-ல் எழுதிய, கேமரா பெண்ணை யார் கண்ணால் பார்க்கிறது என்ற கட்டுரையும் அப்படித்தான். பாடல் காட்சியைத் திரையில் ஓட விட்டுப் பெண் பிள்ளைகளை நெளிய வைக்க வேண்டாம். சத்தத்தை நிறுத்திவிட்டு, ஷாட் ஷாட்டாக 'இப்போ கேமரா எங்கே இருக்கு?' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். கேமரா தெரிந்த பிள்ளைகள்தானே, தானாகப் பிடித்துக்கொள்வார்கள். இந்த ஒரு வகுப்பில் மட்டும் அவர்கள் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

தீபாவளிக்கு அப்புறம்

மத்தாப்பு வாசனை போவதற்குள் மாடல் எக்ஸாம். கையில் இரண்டு வாரம்தான் இருக்கும், அதில் நாலு நாள் மழை. இப்போது புதுப் பாடம் எதுவும் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' வந்திருக்கும். கோபப்படாதீர்கள், அதை வாங்கி வரச் சொல்லி வகுப்பிலேயே பிரியுங்கள். எந்தக் கேள்விக்கு ஆல்பம், எதற்கு அம்மாவின் பதில், எதற்கு ஸ்கேல் கணக்கு என்று பிள்ளைகளே பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். பேப்பர் திருத்துகிறவர் ஒரு நாளில் கட்டுக் கட்டாகத் திருத்துகிறவர். கோட்பாட்டாளர் பெயர், வருஷம், ஒரு படம், கைடில் இல்லாத ஓர் உதாரணம். இந்த நான்கும் கண்ணில் பட்டால் அவர் கை தாராளமாகும். 25 இன்டர்னலில் ஒழுங்காக எடுத்திருந்தால், 75-க்கான எழுத்துத் தேர்வு பாதிப் பயத்தை இழந்துவிடும்.

அட்டெண்டன்ஸ் குறைந்த பையன்களின் பட்டியலை அக்டோபர் முதல் வாரமே எடுத்துவிடுங்கள். கண்டோனேஷன் ஃபீஸ் கட்டினால் போதுமா, மெடிக்கல் சர்டிஃபிகேட் வேண்டுமா, செமஸ்டரே போய்விடுமா என்பது சதவிகிதத்தைப் பொறுத்தது. ஐப்பசி முகூர்த்தங்கள் வருவதற்கு முன்பே அவனை உட்கார வைத்து, 'இந்த மாசம் எத்தனை ஆர்டர்? எத்தனை நாள் லீவு போட்டா தாங்கும்?' என்று சேர்ந்து கணக்குப் போடுங்கள். வீட்டில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. அப்பா அம்மா படிக்கிறீர்கள் என்றால், மாதம் ஒரு தடவை இந்த ஒரு எண்ணை மட்டும் பிள்ளையிடம் கேளுங்கள். மார்க்கைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ரிசல்ட் வந்ததும் நாலைந்து பேர் அரியர் வைத்திருப்பார்கள், எவ்வளவு நன்றாக நடத்தினாலும். அவர்கள் ஏப்ரலில் மறுபடியும் எழுத வேண்டும். அப்போது நீங்கள் வேறு பேப்பர் எடுத்துக்கொண்டிருப்பீர்கள், கெஸ்ட் லெக்சரர் என்றால் அந்தக் கல்லூரியிலேயே இருப்பீர்களா என்பதும் சந்தேகம். அதனால், செமஸ்டர் முடிகிற அன்றைக்கு அந்த மூன்று வாக்கிய நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்கப்பா, ரிசல்ட் வர்ற வரைக்கும் பத்திரமா வச்சிருங்க."